கார்பன் கணக்கின் எல்லைகள்: தமிழ்நாட்டுக் கார்த் தொழிலின் காலநிலை உறுதிமொழிகளும் கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலை வட்டாரமும் (1996–2025)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் 1996ஆம் ஆண்டு கால்கொண்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் மாநிலத்தின் கார்த் தொழில் வரலாற்றில் முதன்மையான இடம் பெறுவதாகும். அதன் தாய் நிறுவனம் 2045ஆம் ஆண்டுக்குள் கார்பன் சமநிலையை எட்டுவதாக 2021இல் அறிவித்தது. இவ்வுறுதிமொழி உருவான வரலாற்றுப் பின்புலத்தையும், இந்திய எரிபொருள் சிக்கன விதிகளோடு அதற்குள்ள உறவையும், உமிழ்வைக் கணக்கிடும் முறைகளில் உள்ள எல்லைச் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கார் ஆலை எதுவும் இல்லாத கள்ளக்குறிச்சி வட்டாரம், கரும்பு எத்தனால் வழியாகவும் கல்வராயன் மலைக் காடுகள் வழியாகவும் இக்கணக்கோடு தொடர்புறும் விதம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. உமிழ்வுக் குறைப்பு குறித்த உறுதிமொழிகளின் வரலாறு, எதனைக் கணக்கில் சேர்ப்பது, எதனை விடுப்பது என்னும் முடிவுகளின் வரலாறே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: கார்த் தொழில், ஹூண்டாய், இருங்காட்டுக்கோட்டை, கரியமில வாயு உமிழ்வு, எரிபொருள் சிக்கன விதி, எத்தனால், கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை, மலையாளிப் பழங்குடியினர்.

முன்னுரை

சேலத்தையும் உளுந்தூர்பேட்டையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் ஆகிய ஊர்ப்பகுதிகளின் வழியே செல்கிறது. மேற்கு மாவட்டங்களிலிருந்து சென்னைக்குச் செல்லும் கார்களில் பெரும்பகுதி இவ்வழியைப் பயன்படுத்துகின்றது. சாலையின் வடமேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பிரிவாகிய கல்வராயன் மலை அமைந்துள்ளது. நெடுஞ்சாலையில் ஓடும் கார்கள் இங்கே செய்யப்படுவன அல்ல. அவற்றை வாங்கும் வசதி உடையோரும் இம்மலையில் மிகச் சிலரே. எனினும், அக்கார்கள் வெளியிடும் கரியமில வாயுவைக் குறைப்பதற்கான திட்டங்களில் இவ்வட்டாரத்தின் கரும்பு வயல்களும் நீரும் காடும் நேர்முகமாகவோ மறைமுகமாகவோ இடம்பெறுகின்றன.

தமிழ்நாட்டுக் கார்த் தொழில் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் முதலீடு, வேலைவாய்ப்பு, தொழிலாளர் உரிமை ஆகிய மூன்று நோக்கில் அமைந்துள்ளன. காலநிலை நோக்கில் அதன் வரலாற்றை அணுகும் முயற்சிகள் குறைவு. அவ்விடைவெளியைக் கருத்திற்கொண்டு, ஒரு பெருநிறுவனத்தின் உறுதிமொழியை அது பிறந்த காலச்சூழலில் வைத்து நோக்குவதும், அதன் விளைவுகள் சென்று சேரும் ஒரு வட்டாரத்திலிருந்து அதனை மீளவும் நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. புகைக் கட்டுப்பாடும் கார்பன் கட்டுப்பாடும்

இந்தியாவில் வாகனப் புகை பற்றிய சட்டக் கட்டுப்பாடு 1990களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. பெட்ரோல் வாகனங்களுக்கு 1991இலும் டீசல் வாகனங்களுக்கு 1992இலும் உமிழ்வு வரம்புகள் விதிக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டு முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் 2000ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றிய வரம்புகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. பாரத் நிலை 4 விதி 2017 ஏப்ரலில் நாடு முழுமைக்கும் விரிந்தது. ஐந்தாம் நிலையைத் தாண்டி, பாரத் நிலை 6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இவ்விதிகள் அனைத்தும் கார்பன் மோனாக்சைடு, எரியாத நீரகக்கரிமங்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள்கள் ஆகியவற்றையே கட்டுப்படுத்தின. அவை மூச்சுக்காற்றை நேரடியாகக் கெடுப்பவை. கரியமில வாயு இப்பட்டியலில் இல்லை. புகை தெளிவாக வெளிவரும் ஒரு கார், அதே அளவு எரிபொருளை எரித்தால் முன்பு வெளியிட்ட அளவு கரியமில வாயுவையே வெளியிடும். நகரக் காற்றின் தூய்மைக்கும் புவி வெப்பமாதலைத் தடுப்பதற்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு பொதுவெளியில் பல காலம் தெளிவாக உணரப்படவில்லை. ‘மாசற்ற கார்’ என்னும் விளம்பரச் சொல் இரண்டையும் ஒன்றாகக் காட்டியது.

கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தும் முதல் இந்திய விதி ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2014 சனவரியில் அறிவிக்கப்பட்டு, 2017–18 நிதியாண்டு முதல் செயற்பட்டது. ‘காஃபே’ என வழங்கும் இவ்விதி ஒவ்வொரு காரையும் தனித்தனியே அளப்பதில்லை. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்ற எல்லாக் கார்களின் சராசரி எரிபொருள் செலவை அது வரம்பிடுகிறது. முதற்கட்டத்தில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 130 கிராம் கரியமில வாயு என்னும் அளவும், 2022–23 முதல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் 113 கிராம் என்னும் அளவும் நாட்டுச் சராசரி இலக்குகளாக அமைந்தன. ஆகவே, ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் கார் விற்கத் தொடங்கி 18 ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் கார்களின் கரியமில வாயு சட்டத்தின் பார்வைக்கு வந்தது.

2. இருங்காட்டுக்கோட்டை: ஆலையும் அளவும்

சென்னையில் கார் உற்பத்தி புதிதன்று. வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம் 1960களில் ஹெரால்டு காரைத் தயாரித்தது. எனினும் உரிம முறைக்கு உட்பட்ட அக்காலத்தில் உற்பத்தி சிறிய அளவிலேயே நடந்தது. 1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் நிலைமை மாறியது. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனமும், திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனமும் ஆலைகளை நிறுவின. ஹூண்டாய் மோட்டார் இந்தியா 1996 மே மாதத்தில் பதிவுபெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் முதல் காரான சான்ட்ரோ 1998 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் ஆலை 2008இல் தொடங்கியது. பின்னாளில் இவ்விரு ஆலைகளின் ஆண்டு உற்பத்தித் திறன் 8,24,000 கார்கள் என்னும் அளவை எட்டியது.

உற்பத்தியின் அளவு கூடியதோடு காரின் வடிவமும் மாறியது. சான்ட்ரோ சிறிய பெட்ரோல் கார். 2015 சூலையில் வந்த கிரெட்டா உயரமும் எடையும் மிகுந்த பயன்பாட்டு வகையைச் சார்ந்தது. இவ்வகை வண்டிகள் இன்று நிறுவனத்தின் உள்நாட்டு விற்பனையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைப் பெற்றுள்ளன. எடை கூடும்போது அதே தொலைவுக்குத் தேவைப்படும் ஆற்றலும் கூடும். இயந்திரத் தொழில்நுட்பம் ஈட்டித் தந்த சிக்கனத்தின் ஒரு பகுதியை வண்டியின் எடை விழுங்கிவிடுகிறது. இஃது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய போக்கன்று. உலகளாவிய கார்ச் சந்தையின் பொதுப் போக்காகும்.

உமிழ்வு எங்கே நிகழ்கிறது என்பதையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். பசுமைக்குடில் வாயுக் கணக்கீட்டில் உலகெங்கும் வழங்கும் நெறிமுறை மூன்று எல்லைகளை வகுக்கிறது. ஆலையில் நேரடியாக எரிக்கப்படும் எரிபொருளால் வருவது முதல் எல்லை. ஆலை வாங்கும் மின்சாரத்தின் பின்னுள்ள உமிழ்வு இரண்டாம் எல்லை. எஃகு, அலுமினியம், உதிரிபாகங்கள் முதல் விற்ற கார் ஓடி முடியும் வரையிலான அனைத்தும் மூன்றாம் எல்லை. கார் நிறுவனங்களைப் பொறுத்தவரை மொத்த உமிழ்வின் மிகப் பெரும்பகுதி இம்மூன்றாம் எல்லையிலேயே, அதிலும் கார் சாலையில் ஓடும் காலத்திலேயே நிகழ்கிறது.

எளிய கணக்கொன்று இதனை விளக்கும். கிலோமீட்டருக்கு 113 கிராம் என்னும் இலக்கைச் சரியாக நிறைவேற்றும் ஒரு கார் தன் வாழ்நாளில் 1,50,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், அது ஏறத்தாழ 17 டன் கரியமில வாயுவை வெளியிடும். ஓர் ஆண்டில் இத்தகைய கார்கள் 6 லட்சம் விற்கப்படுமாயின், அவ்விற்பனை எதிர்காலத்தின் மீது சுமத்தும் உமிழ்வு ஒரு கோடி டன்னைத் தாண்டும். விதியை மீறாத நிலையிலேயே இவ்வளவு ஆகும். ஆலைக் கூரையில் சூரியத் தகடுகள் அமைத்தல் பாராட்டத்தக்கதே. ஆனால், அது தொடுவது கணக்கின் சிறிய பகுதியை மட்டுமே.

3. அளவீட்டின் நம்பகத்தன்மை: அமெரிக்க நிகழ்வுகள்

உறுதிமொழிகளை மதிப்பிடுவதற்கு அளவீட்டின் வரலாற்றையும் காணவேண்டும். 2012 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஹூண்டாய், கியா நிறுவனங்கள் தம் கார்களின் எரிபொருள் சிக்கனத்தை மிகைப்படுத்திக் காட்டியிருந்ததைச் சோதனை வழியாகக் கண்டறிந்து அறிவித்தது. சோதனை முறையில் நேர்ந்த பிழையே காரணம் என நிறுவனங்கள் விளக்கம் அளித்து, வாங்கியோருக்கு இழப்பீடு வழங்க முன்வந்தன. 2014 நவம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி அவை 10 கோடி டாலர் உரிமையியல் தண்டத்தொகை செலுத்தின. ஏறத்தாழ 12 லட்சம் வண்டிகள் தொடர்பான அவ்வழக்கில், சான்றளித்ததைவிட 47.5 லட்சம் டன் கூடுதலான பசுமைக்குடில் வாயு வெளியேறும் என மதிப்பிடப்பட்டு, அதற்கு இணையான உமிழ்வு வரவுகளையும் நிறுவனங்கள் இழந்தன.

அடுத்த ஆண்டு, 2015 செப்டம்பரில், வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது வெளிப்பட்டது. அது நைட்ரஜன் ஆக்சைடு தொடர்பான வழக்கு. திட்டமிட்ட ஏமாற்று என்பதால் தன்மையிலும் வேறுபட்டது. இந்தியாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் அந்நிறுவனத்துக்கு 500 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. இரண்டு நிகழ்வுகளையும் ஒன்றாக எண்ணுதல் பிழையாகும். எனினும், நிறுவனம் தரும் எண்ணை அரசு தன் ஆய்வகத்தில் மறுசோதனை செய்யும்போதே உண்மை நிலை தெரியவருகிறது என்னும் பாடத்தை இரண்டும் பொதுவாகத் தருகின்றன. 2021க்குப் பின் எழுந்த உறுதிமொழிகள் இவ்விரு நிகழ்வுகளால் நம்பிக்கை குலைந்திருந்த சூழலிலேயே பிறந்தன.

4. 2021க்குப் பிந்தைய உறுதிமொழிகள்

ஹூண்டாய் மோட்டார் நிறுவனம் 2021 செப்டம்பரில் மியூனிக் நகரில் நடந்த கார்க் கண்காட்சியில், 2045ஆம் ஆண்டுக்குள் தன் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு ஆகிய அனைத்திலும் கார்பன் சமநிலை எட்டப்படும் என அறிவித்தது. 2019ஆம் ஆண்டு அளவோடு ஒப்பிட்டு 2040க்குள் உமிழ்வை 75 விழுக்காடு குறைப்பதாகவும் கூறியது. ஐரோப்பாவில் 2035 முதல் புகையற்ற வண்டிகளை மட்டுமே விற்பதாகவும் உறுதியளித்தது. 2022 ஏப்ரலில், முழு மின்தேவையையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலால் நிறைவேற்ற முனையும் ‘ஆர்.இ.100’ என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பில் இணைந்தது.

இவ்வுறுதிமொழியில் மூன்றாம் எல்லையும் அடங்குவது குறிப்பிடத்தக்கது. அதே வேளையில், 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், முன்னணிச் சந்தைகளில் 2035க்குள்ளும் உலகெங்கும் 2040க்குள்ளும் புதிய கார்கள் அனைத்தையும் புகையற்றனவாக ஆக்கும் பிரகடனத்தில் ஹூண்டாய் கையொப்பமிடவில்லை. டொயோட்டா, வோக்ஸ்வாகன் ஆகியனவும் விலகி நின்றன. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், மெர்சிடிஸ் பென்ஸ், வோல்வோ ஆகியன ஒப்பமிட்டன. அம்மாநாட்டில்தான் இந்தியா 2070ஆம் ஆண்டுக்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக அறிவித்தது. நிறுவனத்தின் ஆண்டு 2045. ஐரோப்பியச் சந்தைக்கான ஆண்டு 2035. இந்திய நாட்டின் ஆண்டு 2070. ஒரே நிறுவனம் வெவ்வேறு சந்தைகளில் வெவ்வேறு வேகத்தில் மாறுவதற்கு இக்கால இடைவெளி இடமளிக்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வுறுதிமொழியின் செயல்வடிவம் முதலீட்டு ஒப்பந்தங்களாக வெளிப்பட்டது. மாநிலத்தில் தயாரான கோனா மின்கார் 2019 சூலையில் அறிமுகமானது. 2023 மே மாதம் தமிழ்நாடு அரசுடன் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், பத்தாண்டுகளில் 20,000 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 1,78,000 மின்கலத் தொகுதிகளைப் பொருத்தும் ஆலை, முக்கிய நெடுஞ்சாலைகளில் 100 மின்னேற்ற நிலையங்கள் ஆகியன இடம்பெற்றன. 2024 சனவரியில் நடைபெற்ற உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6,180 கோடி ரூபாய் கூடுதல் முதலீடு அறிவிக்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துடன் இணைந்து ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைக்க அதில் 180 கோடி ஒதுக்கப்பட்டது. 2025 சனவரியில் கிரெட்டாவின் மின்வடிவம் வெளிவந்தது.

மின்கார் தன்னளவில் புகையற்றது. அதற்கு ஊட்டப்படும் மின்சாரம் அவ்வாறன்று. காற்றாலை மின்சாரத்தில் முன்னோடியான தமிழ்நாடு, மேட்டூர், வடசென்னை நிலக்கரி நிலையங்களையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் இன்றும் சார்ந்துள்ளது. நெய்வேலி கள்ளக்குறிச்சிக்கு அண்டை மாவட்டமாகிய கடலூரில் உள்ளது. ஆதலால், நெடுஞ்சாலையில் அமையும் மின்னேற்ற நிலையத்தின் கார்பன் பயன், மாநில மின்கட்டமைப்பு மாறும் வேகத்தைப் பொறுத்தது. நிறுவனம் தன் ஆலைக்கு வாங்கும் பசுமை மின்சாரம் வாடிக்கையாளரின் காருக்குச் செல்வதில்லை.

5. விதியும் வெளிப்படைத்தன்மையும்

நிறுவனங்களின் தன்விருப்ப உறுதிமொழிகளை நாட்டு விதிகளோடு ஒப்பிடும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன.

முதலாவது, காஃபே இலக்கு எடையைச் சார்ந்தது. இரண்டாம் கட்டத்தின் 113 கிராம் என்பது 1,145 கிலோ சராசரி எடைக்குரியது. ஒரு நிறுவனத்தின் கார்களின் சராசரி எடை அதனினும் கூடினால் அதற்குரிய வரம்பும் தளரும். சிறிய காரிலிருந்து பெரிய காருக்கு மாறும் போக்கினை இவ்விதி முழுமையாகத் தடுக்கவில்லை.

இரண்டாவது, சிறப்பு எண்ணிக்கை முறை. சராசரியைக் கணக்கிடும்போது ஒரு மின்கார் மூன்று கார்களாகவும், திறன்மிக்க கலப்பின வண்டி இரண்டாகவும் எண்ணப்படுகின்றன. புதிய தொழில்நுட்பத்தை ஊக்குவிப்பது இதன் நோக்கம். ஆயினும், ஏட்டில் குறையும் உமிழ்வு காற்றில் குறையும் உமிழ்வைவிட மிகுதியாகத் தோன்ற இது வழிவகுக்கிறது.

மூன்றாவது, தண்டம். ஆற்றல் சேமிப்புத் திருத்தச் சட்டம் 2022, வரம்பு மீறலுக்கு வண்டி ஒன்றுக்கு 25,000 ரூபாய் அல்லது 50,000 ரூபாய் என்னும் கடுமையான தண்டத்தைக் கொண்டுவந்தது. அது 2023 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2022–23ஆம் ஆண்டில் எட்டு நிறுவனங்கள் வரம்பை மீறியதாகவும், கணக்கிடப்பட்ட தண்டத்தொகை 7,000 கோடி ரூபாயைத் தாண்டுவதாகவும், அதில் ஹூண்டாயின் பங்கே மிகுதி எனவும் 2024 நவம்பரில் நாளிதழ்ச் செய்தி வெளிவந்தது. நிதியாண்டின் நடுவே வந்த சட்டத்தை ஆண்டு முழுமைக்கும் பொருத்தலாமா என்னும் வினாவைத் தொழில்துறை எழுப்பியது. வழக்கின் நியாயம் எப்பக்கம் என்பது சட்டத்துறையினர் தீர்க்க வேண்டியது. 2021இல் 2045ஐ நோக்கி உறுதியளித்த ஒரு துறை, 2022–23ஆம் ஆண்டின் வரம்பு குறித்து வாதிட நேர்ந்தமையே வரலாற்று நோக்கில் கருதத்தக்கது. தொலைதூர இலக்கை அறிவிப்பதைக் காட்டிலும் அவ்வவ்வாண்டின் வரம்பைக் கடைப்பிடிப்பது கடினம் என்பதை இது உணர்த்துகிறது.

வெளிப்படைத்தன்மையில் ஒரு திருப்பம் 2024 அக்டோபரில் நேர்ந்தது. ஏறத்தாழ 27,870 கோடி ரூபாய் மதிப்பிலான, அதுவரை நாடு கண்டவற்றுள் பெரிய பொதுப் பங்கு வெளியீட்டின் வழியாக ஹூண்டாய் மோட்டார் இந்தியா பங்குச் சந்தையில் இடம்பெற்றது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமாகிய செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்கள் 2022–23 முதல் பொறுப்புணர்வு, நீடித்த தன்மை குறித்த அறிக்கையை வெளியிட வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியுள்ளது. முதல் இரு எல்லை உமிழ்வுகள் அவ்வறிக்கையில் கட்டாயப் பகுதி. மூன்றாம் எல்லையோ விருப்பப் பகுதியில் அமைந்தது. கார் நிறுவனத்துக்குப் பெரும்பகுதியாக உள்ள உமிழ்வே கட்டாயத்துக்கு வெளியே நின்றது.

6. கள்ளக்குறிச்சி: கரும்பு, எத்தனால், நீர்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது. கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறும் மணிமுத்தாறும் இம்மாவட்டத்தின் வேளாண்மைக்கு ஆதாரங்கள். நெல், மரவள்ளி, மக்காச்சோளம் ஆகியவற்றோடு கரும்பும் முதன்மைப் பயிர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன.

பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் இத்தகைய கரும்பு வட்டாரங்களைக் கார்த் தொழிலோடு இணைக்கிறது. 10 விழுக்காட்டுக் கலப்பு 2022 சூனில் நாட்டளவில் எட்டப்பட்டது. 20 விழுக்காட்டுக் கலப்புக்கான இலக்கு ஆண்டு 2030இலிருந்து 2025க்கு முன்கொணரப்பட்டது. அதன் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. கரும்பு வளரும்போது உட்கொண்ட கரியமில வாயுவே எத்தனால் எரியும்போது வெளிவருகிறது என்னும் கருத்தின்படி, இக்கலப்பு காரின் உமிழ்வைக் குறைப்பதாகக் கொள்ளப்படுகிறது. காரின் இயந்திரத்தில் பெரிய மாற்றமின்றியே உமிழ்வு குறைவதாகக் காட்ட இயல்வதால் தொழில்துறைக்கும் இவ்வழி உவப்பானது.

இதன் மறுபக்கம் நீர். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் கலப்பு வழிகாட்டு அறிக்கை, கரும்பின் வழிப் பெறும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாவதாகக் கணக்கிட்டது. இவ்வளவை ஏற்றால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் ஒன்று ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் செல்லும்போது எரிக்கும் 667 லிட்டர் கலப்பு எரிபொருளில் 133 லிட்டர் எத்தனால் இருக்கும். அதன் பின்னுள்ள நீர் ஏறத்தாழ 3.8 லட்சம் லிட்டர். எத்தனால் முழுவதும் கரும்பிலிருந்தே வருவதில்லை, தானியங்களிலிருந்தும் பெறப்படுகிறது. கழிவுப்பாகிலிருந்து எடுக்கும்போது அந்நீரின் ஒரு பகுதியைச் சர்க்கரைக்கு உரியதாகவும் கொள்ளலாம். இவ்விலக்குகளை நீக்கிப் பார்த்தாலும், புகைக்குழாயில் குறைத்துக் காட்டப்படும் உமிழ்வின் விலையை எங்கோ ஒரு கிணற்றின் நீர்மட்டம் தருகிறது என்பது மறுக்கவியலாதது. கார்பன் அறிக்கையில் நீருக்குப் பத்தி உண்டு. ஆனால் அது ஆலையின் நீர். கோமுகிப் பாசனப் பகுதியின் நீர் அதில் இடம்பெறுவதில்லை.

இதனால் எத்தனால் திட்டமே தீது என்பது கருத்தன்று. நிலையான கொள்முதலும் உரிய காலத்தில் நிலுவைத்தொகையும் கிடைக்குமாயின் கரும்பு விவசாயிக்கு அது பயன்தரும். ஆலை நிலுவையால் தமிழகக் கரும்பு விவசாயிகள் பல ஆண்டுகள் போராடியதை நினைவிற்கொண்டால் அப்பயன் சிறிதன்று. காருக்கு வரவாக எழுதப்படும் குறைப்பு எந்த வளத்திலிருந்து பெறப்படுகிறது என்பதும் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

7. கல்வராயன் மலை: காடும் அதன் மக்களும்

நிகரச் சுழியம் என்னும் கருத்தாக்கம் உமிழ்வு முற்றிலும் நிற்பதைக் குறிப்பதில்லை. குறைத்த பின் எஞ்சுவதைக் காடு, மண், தொழில்நுட்பம் ஆகியவற்றால் ஈடுசெய்வதையும் அது உள்ளடக்கியது. 2023இல் இந்திய அரசு கார்பன் வரவு வணிகத் திட்டத்தையும் பசுமை வரவு விதிகளையும் அறிவித்தது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்கோடு செயற்படுகிறது. இச்சூழலில் மலைக்காடுகள் கார்பன் கிடங்குகள் என்னும் புதிய பொருளைப் பெறுகின்றன. கல்வராயன் மலைக் காட்டை எந்தக் கார் நிறுவனமும் தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்பது இங்குக் கூறப்படவில்லை. அவ்வாறு எழுதும் காலம் வருமுன், அக்காட்டின் வரலாறு அறியப்பட வேண்டும் என்பதே கருத்து.

பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இருபகுதிகளாக வழங்கும் இம்மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் பரவியுள்ளது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றைப் பயிரிட்டும் கடுக்காய், தேன் முதலிய காடுபடு பொருள்களைத் திரட்டியும் வாழ்ந்து வந்தனர். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார் மரபினரின் ஆளுகையில் மலை நெடுங்காலம் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் தொடர்ந்த இவ்வாளுகை 1976இல்தான் முடிவுற்றது. அதுவரை மலைமக்கள் ஜாகிர்தார்களுக்கு வரியும் கட்டாய உழைப்பும் அளித்து வந்தனர். அதன் பின் காடு அரசின் வசமாயிற்று. ஜாகிர்தாருக்கு உட்பட்டிருந்தோர் வனத்துறைக்கு உட்பட்டோராயினர்; நிலத்தின் மீதான உரிமைச் சிக்கல் தீரவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே தனியுரிமையையும் சமூக வன வளங்களைக் காத்து ஆளும் உரிமையையும் சட்டநிலையில் ஏற்றது.

2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நேர்ந்த நச்சுச் சாராயப் பெருந்துயரில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் தொடர்ச்சியாகக் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்குப் பதிந்தது. சாலை, பேருந்து, மருத்துவம், கல்வி ஆகிய அடிப்படை வசதிகள் அவ்வழக்கில் ஆராயப்பட்டன. அடிவாரத்தில் நான்குவழிச் சாலையும் அதன் ஓரத்தில் விரைவு மின்னேற்ற நிலையமும் அமைவதற்கான திட்டங்கள் உருவான அதே ஆண்டுகளில், மலைமேல் சிற்றூர்களுக்குப் பேருந்து செல்லும் சாலை குறித்து நீதிமன்றம் அரசை வினவ வேண்டியிருந்தது.

இம்முரண் கார்பன் கணக்கின் மையச் சிக்கலைக் காட்டுகிறது. காடு நிலைத்திருப்பதில் பங்குடைய மக்களின் போக்குவரத்து உமிழ்வு மிகச் சிறியது. அவர்களுக்குத் தேவையான சாலையும் பேருந்தும் வரும்போது அவ்வுமிழ்வு ஓரளவு கூடும், கூடுதல் நியாயமே. மாறாக, நகரத்துக் காரின் உமிழ்வை ஈடுசெய்ய மலைக்காடு ஒதுக்கப்பட்டால், அங்கு விறகு பொறுக்குவதும் சாலை அமைப்பதும் ‘கார்பன் இழப்பு’ எனப் பெயர் பெறும் நிலை உருவாகலாம். முன்பே நிற்கும் காட்டை வரவு வைப்பதால் காற்றில் உள்ள கரியமில வாயு ஒரு கிராமும் குறைவதில்லை என்பதும் அறிவியல் நோக்கில் கருதத்தக்கது. ஈடு என்பது புதிதாகச் சேரும் கார்பனுக்கே பொருந்தும். அதுவும் தீயாலோ வறட்சியாலோ மீண்டும் வெளியேறக்கூடியது.

முடிவுரை

இவ்வாய்வின் வழி அறியப்படும் கருத்துகள் வருமாறு:

• இந்தியாவில் வாகன நச்சுப்புகைக்கான கட்டுப்பாடு 1991இலேயே தொடங்கியது. கரியமில வாயுவுக்கான கட்டுப்பாடு 2017–18இல்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கார்த் தொழிலின் பெருவளர்ச்சி இவ்விடைவெளியில் நிகழ்ந்தது.

• ஹூண்டாய் நிறுவனத்தின் 2045 உறுதிமொழி காரின் பயன்பாட்டு உமிழ்வையும் உள்ளடக்கியது என்பது அதன் வலிமை. சந்தைக்குச் சந்தை வேறுபடும் காலக்கெடுவும், இந்தியச் சந்தையில் பெரிய வண்டிகளின் மேலோங்கலும் அதன் முன்னுள்ள தடைகள்.

• எடைசார்ந்த வரம்பு, சிறப்பு எண்ணிக்கை, மூன்றாம் எல்லையை விருப்பப் பகுதியாக வைத்தல் ஆகியன ஏட்டுக்கணக்குக்கும் மெய்யான உமிழ்வுக்கும் இடையே இடைவெளியை உண்டாக்குகின்றன. அமெரிக்க நிகழ்வுகள் சுதந்திரமான மறுசோதனையின் தேவையை மெய்ப்பிக்கின்றன.

• எத்தனால் வழியாகப் பெறப்படும் உமிழ்வுக் குறைப்பு, கள்ளக்குறிச்சி போன்ற கரும்பு வட்டாரங்களின் நீரோடு சேர்த்து மதிப்பிடப்பட வேண்டும்.

• கல்வராயன் மலை போன்ற காடுகள் ஈட்டுக் கணக்கில் சேர்க்கப்படுவதற்கு முன், அங்குள்ள மக்களின் வன உரிமைகள் முழுமையாக நிலைநாட்டப்பட வேண்டும். அவர்களின் கிராம சபைகளின் ஒப்புதலும் பெறப்பட வேண்டும்.

1976 வரை கல்வராயன் மலையின் கணக்கு ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அதன் பின் அரசுத் துறைகளின் கைக்கு மாறியது. கார்பன் வரவு என்னும் மூன்றாவது கணக்கு எழுதப்படும்போதேனும், அதனை எழுதுவோருள் மலைமக்களும் இருத்தல் வேண்டும். கரும்பு வயல், நிலக்கரி நிலையம், உதிரிபாக ஆலை எனப் பிற வட்டாரங்களிலிருந்தும் இத்தகைய நோக்கில் கார்த் தொழில் வரலாறு எழுதப்படுமாயின், உறுதிமொழிகளை மதிப்பிடுவதற்கான தமிழ்நாட்டுச் சான்றுத்தளம் வலுப்பெறும்.